புதன்கிழமைக் கூட்டம்: ஒரு செமஸ்டர் நாட்குறிப்பு

2025 ஜூலை 2, புதன்

தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. இந்த ஆண்டைச் செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து அழைப்பிதழ்கள் வந்து குவிகின்றன. ஐந்து நாள் எஃப்.டி.பி. என்கிற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி, மூன்று நாள் பயிலரங்கம், ஒரு நாள் வெபினார். எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான்: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, கருவிகளின் பெயர்கள் ஓடும் ஸ்லைடுகள், கடைசியில் கூகுள் ஃபார்ம், சாயங்காலத்துக்குள் இ-சர்டிபிகேட். பதவி உயர்வுக்கு அது தேவை, என் கோப்பிலும் இருக்கிறது. ஆனால் மாணவர் எழுதியதா ஏ.ஐ. எழுதியதா என்று தெரியாமல் மேசையில் கிடக்கும் அசைன்மென்ட் கட்டுகளை என்ன செய்வது என்று அதில் எவரும் சொல்லித் தரவில்லை.

அதனால் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். புதன் மாலை 3.30, நூலக மாடி அறை. சான்றிதழ் கிடையாது, பேனர் கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. நீங்கள் கொடுத்த ஒரு அசைன்மென்ட் கேள்வியையும் அதற்கு வந்த இரண்டு விடைகளையும், மாணவர் பெயரை மறைத்து, எடுத்து வாருங்கள். டீ செலவு முறை வைத்து.

கை கூப்பும் ஸ்டிக்கர்கள் நிறைய வந்தன. யார் வருவார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

2025 ஜூலை 9, புதன்

வந்தார்கள். இயற்பியல் மேடம், கணித சார், தமிழ்த்துறை ஐயா, கல்வியியல் மேடம், வணிகவியலிலிருந்து ஒருவர், நூலகர். கௌரவ விரிவுரையாளர்கள் இருவர் கதவோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை முன்னால் வரச் சொல்லி நான் கூப்பிட்டபோது கல்வியியல் மேடம் தடுத்து, ஒரு ஆய்வைச் சொன்னார். மானுடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையற்காரர்களிடம் தொழில் பழகுவோரைக் கவனித்தவர். அங்கே புதிதாக வருபவர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை, பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும்தான் முதல் வேலை. அந்த அனுபவத்தோடுதான் அவரும் எட்டியன் வெங்கரும் 1991இல் ‘செயல்வழிச் சமூகம்’, அதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்தே அதைக் கற்கும் குழு, என்ற எண்ணத்தை முன்வைத்தார்கள். “ஓரத்துல உட்காருறதும் பங்கெடுக்குறதுதான் சார், விடுங்க” என்றார் மேடம். சரி என்று விட்டுவிட்டேன்.

2025 ஜூலை 18, வெள்ளி

கூட்ட நாள் இல்லை, ஆனாலும் குறித்து வைக்கிறேன். ஏர்டெல் சிம் இருந்தால் பெர்பிளெக்சிட்டி என்ற ஏ.ஐ. தேடல் கருவியின் கட்டணப் பதிப்பான புரோ ஒரு வருடம் இலவசம் என்று நேற்று அறிவிப்பு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கூகுள், கல்லூரி மாணவர்களுக்குத் தன் ஏ.ஐ. கருவியான ஜெமினியின் கட்டணப் பதிப்பை ஒரு வருடம் சும்மா தருவதாகச் சொன்னது. இன்று வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண், “என்னோடது பி.எஸ்.என்.எல். சார்” என்று சிரித்தாள். கட்டணக் கருவி இருந்தால்தான் நன்றாகச் செய்ய முடியும் என்கிற அசைன்மென்ட் எதையும் கொடுக்கக்கூடாது என்று அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 23, புதன்

இன்று சண்டை. நல்ல சண்டை.

ஒரு துறையில் முனைவர் பட்ட மாணவர்களிடம் ‘ஏ.ஐ. சதவீதம் பத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் எவ்வளவு ஏ.ஐ. எழுதியது என்று கண்டுபிடிப்பான் என்கிற மென்பொருள் சொல்லும் எண் அது. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி என்கிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் பத்து சதவீதம் இருப்பது உண்மை, ஆனால் அது கருத்துத் திருட்டுக்கானது. பத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அங்கே எடுத்த பத்தியையும் மூலப் பத்தியையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஏ.ஐ. கண்டுபிடிப்பான் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் எதை வைத்துக் காட்டுவது? மூலமே கிடையாதே.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே ஒரு கண்டுபிடிப்பானை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதியது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் தகுதித் தேர்வு) கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் ஏ.ஐ. எழுதியவை என்று வந்தது. சொல்வளம் குறுகலாக, வாக்கியம் எளிமையாக இருந்தால் கருவி சந்தேகப்படுகிறது. நம் மாணவர்களில் பலர் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்து, இங்கே வந்து ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறவர்கள். குறுகின சொல்வளமும் சின்ன வாக்கியமும் அவர்களுடைய ஆங்கிலம்தான்.

வணிகவியல் சார் விடவில்லை. “அப்போ கண்ணை மூடிக்கிட்டு மார்க் போடச் சொல்றீங்களா?” நியாயமான கேள்வி, அதற்கு இன்று யாரிடமும் பதில் இல்லை. அந்த எண்ணை மட்டும் வைத்து யார் மதிப்பெண்ணையும் குறைப்பதில்லை, சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பது என்ற அளவில் ஒத்துக்கொண்டோம். அவர் கையெழுத்துப் போடாத குறையாகத் தலையசைத்தார்.

2025 ஜூலை 30, புதன்

தமிழ்த்துறை ஐயா இரண்டு விடைகள் கொண்டு வந்தார். ஒன்றில் ‘குறுந்தொகை 428ஆம் பாடல்’ என்று மேற்கோள், திணை, துறை, கூற்று எல்லாம் ஒழுங்காக. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக இருப்பதே 401 பாடல். ஐயா கோபப்படவில்லை, அடுத்த அசைன்மென்டையே அதிலிருந்து எடுத்துவிட்டார்: கருவியிடம் ஒரு பாடலுக்கு உரை கேள், நூலகத்திலுள்ள பதிப்போடு ஒப்பிடு, எங்கே விலகுகிறது என்று பென்சிலால் குறி. நூலகர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சங்க இலக்கிய அலமாரிக்கு ஆள் வந்து நாளாகிறதாம்.

2025 ஆகஸ்ட் 13, புதன்

இயற்பியல் மேடத்தின் நாள். தனி ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் பழைய பயிற்சிதான். லேபுக்கு வராத ஒரு பையன் அட்டவணையைக் கருவியிடம் வாங்கி ரெக்கார்டில் எழுதியிருந்தான். மேடம் அவனைத் திட்டவில்லை. அந்த அட்டவணையையும், லேபில் நிஜமாகவே எடுத்த இன்னொரு அட்டவணையையும் பெயரில்லாமல் பலகையில் எழுதி, எது நம் லேபில் எடுத்தது, எப்படிச் சொல்கிறாய் என்று வகுப்பைக் கேட்டிருக்கிறார்.

எங்களுக்கும் காட்டினார். ஒன்றில் ஒரு மீட்டர் நூலுக்கு இருபது அலைவு நேரம் இரண்டு முறையும் 40.12 விநாடி, 80 செ.மீ.க்கு இரண்டு முறையும் 35.89. கடைசியில் முடுக்கம் 9.81. இன்னொன்றில் ஒரு மீட்டருக்கு 40.7, 40.4, அப்புறம் ஒன்று அடித்துத் திருத்தியது, விடை 9.6. சூத்திரத்தில் 9.81ஐப் போட்டால் முதல் அட்டவணையின் நேரங்கள் அப்படியே வந்துவிடும், அது அளந்த எண்ணே அல்ல. ஸ்டாப்வாட்ச் இரண்டு தசமம் காட்டினாலும், அதை அமுக்கும் விரல் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது முன்பின் போகும். வகுப்பில் பிழைக் கணிப்பு பற்றி அன்றைக்குப்போல் ஒருநாளும் விவாதம் நடந்ததில்லை என்றார் மேடம். ரெக்கார்டில் 9.8 வந்தால்தான் முழு மதிப்பெண் என்று இத்தனை வருடமாக நாம்தானே பழக்கியிருக்கிறோம் என்றும் அவரே சேர்த்துக்கொண்டார்.

கதவோரத்து விரிவுரையாளர் ஒருவர் இன்றுதான் முதல் முறையாக வாய் திறந்தார். தன் வேதியியல் லேபின் டைட்ரேஷன் (தரம்பார்த்தல்) பரிசோதனைக்கும் இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் முதல் அரைமணி அவருக்கு.

2025 ஆகஸ்ட் 20, புதன்

டைட்ரேஷன் ஓடியது, பியூரெட் அளவைப் பற்றி எனக்குப் பாதி புரியவில்லை, வேதியியல்காரர்கள் ரசித்தார்கள். கணித சார் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்தது. சாதாரண சாட் கருவியோடு கணக்குப் போட்டவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் முன்னேறி, கருவியை எடுத்துவிட்டு வைத்த தேர்வில் மற்றவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் அமைத்த கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. சார் தன் வகுப்புக்கு அப்படி, கருவிக்கு முதலிலேயே கொடுக்கும் கட்டளை ஒன்றைத் தமிழில் எழுதித் தந்திருக்கிறார். பையன்கள் இரண்டு முறை கெஞ்சினால் கருவி விடையைச் சொல்லிவிடுகிறதாம்.

அடுத்த புதன் பிள்ளையார் சதுர்த்தி, கூட்டம் இல்லை.

2025 செப்டம்பர் 10, புதன்

மாணவர்களைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லிவந்தேன், மற்றவர்களுக்குத் தயக்கம். இன்று ஐந்து பேர் வந்தார்கள். முதலில் எல்லாரும் ‘நாங்க யூஸ் பண்றதில்ல மேடம்’. டீ வந்த பிறகுதான் உண்மை. மூன்றாம் ஆண்டு மாணவி தன் போனைத் திறந்து காலண்டரைக் காட்டினாள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஆறு தாள்களுக்கும் அசைன்மென்ட், நடுவில் இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு கையெழுத்து. “எதைச் சொந்தமா எழுதறது, எதை அதுகிட்ட விடறதுன்னு நாங்களே பிரிச்சுக்குவோம் சார். கேள்வி போன வருஷத்துதுன்னா அதுகிட்ட.”

அறையில் இருந்த நான்கு பேர் அவளுக்குப் பாடம் எடுப்பவர்கள். ஒருவருக்கொருவர் எந்தத் தேதி கொடுத்தார் என்று தெரியாது. இத்தனை வாரம் கருவியைப் பற்றிப் பேசியதைவிட இந்தக் காலண்டர் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவரவர் துறைக்குள் உட்கார்ந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

2025 செப்டம்பர் 24, புதன்

ஒரு பொதுத் தாள் தயார். எல்லாத் துறையின் கெடு தேதிகளும் ஒரே பட்டியலில். ஒரே வாரத்தில் இரண்டுக்கு மேல் விழுந்தால் யாராவது ஒருவர் தள்ளிப்போட வேண்டும். யார் தள்ளுவது என்பதில் வழக்கமான மூப்புப் பிரச்சினை வந்தது, அதைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்தோம்.

அப்புறம், ஒவ்வொரு அசைன்மென்டின் தலையிலும் ‘கருவியை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எப்படிச் சொல்ல வேண்டும்’ என்று எழுதுவது. சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு பாதையாகப் பிரித்திருப்பதைப் பேசினோம்: கண்காணிப்பில் நேரில் நடப்பது ஒன்று, கருவிக்குத் திறந்துவிட்டது இன்னொன்று. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத் தொடாதே என்பது நடக்காது என்பதுதான் அதன் அடிப்படை. வணிகவியல் சாருக்கு இது பிடித்துப்போனது. ஜூலையில் அவர் கேட்டதற்கு இதுதான் கிட்டத்தட்ட பதில்.

2025 அக்டோபர் 15, புதன்

தரப் பிரிவிலிருந்து கடிதம். கூட்டங்களின் அறிக்கை வேண்டும், வருகைப் பதிவு, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் போட்ட புகைப்படம், விளைவுகள் இரண்டு பக்கம். புகைப்படம் எடுக்கவே இல்லை. இன்று டீ டம்ளரோடு ஒன்று எடுத்து அனுப்பினோம். ‘பேனர் இல்லையே’ என்று திருப்பிக் கேட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 12, புதன்

இந்த மாதம் சாட்ஜிபிடியின் கட்டணப் பதிப்பான கோ-வும் இந்தியாவில் ஒரு வருடம் இலவசமாகிவிட்டது. மாதம் 399 ரூபாய் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த செமஸ்டருக்கு வாய்மொழித் தேர்வு யோசனை. அசைன்மென்ட் கொடுத்த மாணவர் வந்து உட்கார்ந்து, தான் எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். வகுப்பில் 60 பேர் என்றால் ஐந்து மணி நேரம், இரண்டு அசைன்மென்ட் என்றால் பத்து. மணிக்கணக்கில் ஊதியம் வாங்கும் விரிவுரையாளர்கள் இதைச் சும்மா செய்ய முடியாது என்று டைட்ரேஷன்காரர் நேராகவே சொன்னார். சரியான பேச்சு. டுடோரியல் மணி நேரத்தைக் கால அட்டவணையில் வாய்மொழிக்கு மாற்றித் தரும்படி துணைவேந்தருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம், முதலில் இயற்பியல், வணிகவியல் இரண்டில் மட்டும். மனுவில் முதல் கையெழுத்து வணிகவியல் சாருடையது. நாளை காலை பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.