பன்னிரண்டு ஜன்னல்களும் லேவியின் விளக்கும்

எருசலேம் யாத்திரை போகும் நம் ஊர்க் குழுக்கள் எருசலேமை ஒட்டிய எயின் கேரெமில் யோவான் ஸ்நானகன் பிறந்த இடத்தைப் பார்ப்பார்கள், மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த ஆலயத்துக்குப் படியேறி இறங்குவார்கள், அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். பக்கத்திலேயே ஹதாசா மருத்துவமனை வளாகத்துக்குள் ஒரு சிறிய யூத ஜெப ஆலயம் இருக்கிறது. எங்கள் போதகர் ஐயா பிடிவாதமாக அதற்கென்று நேரம் ஒதுக்கியிருந்தார். ஓவியர் மார்க் ஷகால் வடிவமைத்த பன்னிரண்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அங்கே உள்ளன, யாக்கோபின் குமாரர் பெயரால் வரும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் கோத்திரத்துக்கு ஒன்றாக. 1962 பிப்ரவரியில் திறந்தார்கள். 1967 போரில் சில சேதமடைய, ஷகாலே அவற்றைச் சரிசெய்து கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கே உரிய பரபரப்பைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தால், தலைக்கு மேலே நாலு பக்கமும் மும்மூன்றாக ஜன்னல்கள். ஒவ்வொன்றும் சுமார் 11 அடி உயரம். ஆசரிப்புக் கூடாரத்தைச் சுற்றி நாலு திசையிலும் மும்மூன்று கோத்திரங்கள் பாளயமிறங்கிய எண்ணாகமம் 2-ஆம் அதிகாரம் அங்கே ஞாபகம் வராமல் போகாது. மனித முகம் ஒன்றுகூடக் கிடையாது. ரூபனுக்கு நீலத் தண்ணீரும் மீன்களும். யூதாவுக்கு அடர்ந்த சிவப்பு, கீழே சிங்கம், மேலே கிரீடத்தைத் தாங்கும் இரண்டு கைகள்.

யோசேப்பின் ஜன்னல் பொன்மஞ்சள். அதன் உச்சியில் ஒரு கொம்பு எக்காளம். யோசேப்புக்கும் எக்காளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பதில் 81-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. மாதப்பிறப்பிலும் பண்டிகை நாட்களிலும் எக்காளம் ஊதுங்கள் என்று சொல்லிவிட்டு, தேவன் இதை யோசேப்பிலே சாட்சியாக ஏற்படுத்தினார் என்கிறது அந்தச் சங்கீதம். யோசேப்பு சிறையிலிருந்து விடுதலையானதே யூதப் புத்தாண்டு நாளில்தான், அதாவது எக்காளப் பண்டிகை அன்று, என்று யூத ரபிமார்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அண்ணாந்து பார்த்தால் அந்தக் கொம்பு வெறும் அலங்காரமாகத் தெரிவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு கோத்திரத்துக்கும் பன்னிரண்டு மாதம், ஆளுக்கொரு பண்டிகை என்று கட்டம் போட்டு நிரப்பிய அட்டவணைகள் நிறையச் சுற்றுகின்றன. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. காத்துக்கும் ஆசேருக்கும் எப்படியாவது ஒரு பண்டிகை கொடுத்தே தீரவேண்டும் என்று வசனத்தை ஏன் முறுக்க வேண்டும்? வேதமே கைகாட்டும் இடங்கள் போதும். ரூபன் தூதாயீம் கனிகளைக் கண்டெடுத்தது கோதுமை அறுப்பு நாட்களில். அதைத் தொடர்ந்துதான் இசக்கார் பிறக்கிறான். கோதுமை அறுப்பின் முதற்பலனைச் செலுத்தும் பண்டிகைதான் பெந்தெகொஸ்தே. அந்தப் பண்டிகையில் யூதர்கள் வாசிப்பது ரூத்தின் சரித்திரம். அதுவோ அறுப்புக் காலத்துப் பெத்லகேமில், யூதா கோத்திரத்தில் நடப்பது.

பென்யமீனுக்கு ஜன்னலில் ஓநாய். ஆனால் அந்தக் கோத்திரத்தை நினைத்தால் எனக்குச் சீலோதான் கண்ணில் நிற்கிறது. முந்தின நாள் அங்கே போயிருந்தோம். வெயிலில் வெளுத்த கல், உடைந்த பானை ஓடுகள், வடக்கே ஆசரிப்புக் கூடாரம் நின்றிருக்கலாம் என்று சிலர் கருதும் சமதளம். உள்நாட்டுச் சண்டையில் அழிந்தே போகவிருந்த பென்யமீன், சீலோவில் வருஷாந்தரம் நடந்த கர்த்தருடைய பண்டிகையின்போதுதான் மறுபடி தழைக்க வழி கிடைத்தது. நியாயாதிபதிகள் 21-ஐ வாசித்துப் பாருங்கள், பெண்களைத் தூக்கிக்கொண்டு போன அந்த வழி நெஞ்சை உறுத்தும். பிற்பாடு அதே கோத்திரத்து மொர்தெகாயின் வழியாக, எஸ்தர் புத்தகத்தில் வாசிக்கும் பூரீம் பண்டிகை வந்தது.

ஜன்னல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த எங்கள் குழு அக்கா ஒருவர் கேட்டார்: “தம்பி, எப்பிராயீம், மனாசே எங்கப்பா? லேவி மட்டும் இருக்கானே?” நல்ல கேள்வி. ஷகால் எடுத்துக்கொண்டது யாக்கோபும் மோசேயும் கொடுத்த ஆசீர்வாதங்களை. அதனால் லேவிக்கும் ஒரு ஜன்னல் உண்டு. மஞ்சள் ஒளியில் கற்பலகைகள், மெழுகுவர்த்திகள். பாளயத்திலோ லேவி பன்னிரண்டில் சேராமல் நடுவே கூடாரத்தோடு இருப்பான். யோசேப்பு தன் மகன்களான எப்பிராயீம், மனாசே என்று இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையை நிரப்புவான்.

அன்று சாயங்காலம் பழைய நகரத்தின் யூதர் பகுதியில் நடந்தோம். ஹனுக்கா, நாம் பிரதிஷ்டைப் பண்டிகை என்று யோவான் 10-இல் வாசிப்பது. வீட்டு வாசல்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் எண்ணெய்த் திரிகள் எரிந்தன. கி.மு. 164-இல் தேவாலயத்தைச் சுத்திகரித்த மக்கபேயர் ஆசாரியக் குடும்பம், அதாவது லேவி. ஆனால் இந்த எட்டு நாளும் ஜெப ஆலயங்களில் வாசிப்பது எண்ணாகமம் 7. பலிபீடப் பிரதிஷ்டைக்குப் பன்னிரண்டு பிரபுக்கள் நாளுக்கொருவராகக் காணிக்கை கொண்டுவரும் அதிகாரம். முதல் நாள் யூதாவின் நகசோன். செங்கடலில் முதலில் காலை வைத்தவன் என்று யூத மரபு சொல்லும் அதே நகசோன். மத்தேயு 1-இல் இயேசுவின் வம்ச வரலாற்றிலும் அவன் பெயர் உண்டு. 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொற்கரண்டி என்று பன்னிரண்டு முறையும் ஒரே பட்டியல். 89 வசனம். சபையில் வாசித்தால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.

அந்தப் பன்னிரண்டில் லேவி இல்லை. லேவி கோத்திரத்துப் பிரதான ஆசாரியன் ஆரோனுக்கு அதில் மனம் வாடியது என்றும், “நீ விளக்கேற்றுவாய், உன் பங்கு பெரியது” என்று தேவன் தேற்றினார் என்றும் யூத வேத விளக்கவுரையாளர் ராஷி எழுதியிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் நாக்மானிதேஸ் ஒரு படி மேலே போய், அந்த வாக்குறுதியை ஹனுக்கா விளக்குகளோடு இணைக்கிறார். எட்டாம் நாள் வாசிப்பும் பன்னிரண்டாம் பிரபுவோடு நிற்பதில்லை. அடுத்த அதிகாரத்துக்குள் நுழைந்து, ஆரோன் குத்துவிளக்கை ஏற்றும் பகுதி வரை போகிறது.

போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஓய்வுநாள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஆதியாகமம் 49-ஐயும் எண்ணாகமம் 7-ஐயும் பஸ்ஸிலேயே வாசித்துவிட்டுப் போங்கள்.