காசு சேர்ந்திட்டுது, கடிதத்துக்குத்தான் எட்டு மாசம்: சுமைதாங்கி வழித்தட அனுபவம்

றோட்டுக் கந்தோரின்ர சம்மதக் கடிதம் நேற்றுப் பின்னேரம்தான் கையில கிடைச்சது. கொஞ்ச நாள் போனா இந்தக் கோபம் ஆறிப்போயிடும், அதால இப்பவே எழுதிறன். உங்கட ஊரிலயும் ஆரும் இப்பிடி ஒரு மரபுரிமை வழித்தடம் தொடங்க நினைச்சா நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில எங்கட சனசமூக நிலையம்தான் தொடங்கினது. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில இருந்து கரையோரமா வல்வெட்டித்துறை மட்டும் ஒரு மரபுரிமை வழித்தடம். மடத்துக்குள்ளாலயே றோட்டுப் போற மாதிரி அந்தக் காலத்தில கட்டி வச்சிருக்கினம், அங்கால வல்வெட்டித்துறையில, 1938 இல அமெரிக்காவில குளொஸ்டர் போய்ச்சேர்ந்த அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலைக் கட்டின கரை. இடையில கேணி, மாடு உடம்பு உரஞ்சிற ஆவுரஞ்சிக் கல், தலைச்சுமை இறக்கி வைக்கிற சுமைதாங்கி எண்டு எவ்வளவோ கிடக்கு, பாதி பத்தைக்குள்ள. ஒவ்வொண்டுக்கும் ஒரு பலகை வைக்கிறது, உடைஞ்சுபோன ரெண்டு சுமைதாங்கியைத் திருத்திறது, அவ்வளவுதான் திட்டம்.

காசு சேர்க்கிறதுதான் கஷ்டமா இருக்கும் எண்டு நினைச்சனாங்கள். பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணக் கோட்டை மட்டும் ஒரு சைக்கிள் பவனி வச்சம், ரொறன்ரோவில லண்டனில இருக்கிற எங்கட ஆக்களும் போட்டினம், ரெண்டு மாசத்தில தேவையான காசு வந்திட்டுது. காசு வந்த பிறகுதான் பிரச்சினையே.

முதலாவது பாங் கணக்கு. சங்கத்தின்ர பேரில கணக்குத் திறக்கப் போனா, பதிவுச் சான்றிதழில "சனசமூக நிலையம்" எண்டு இருக்கு, எங்கட றப்பர் ஸ்ராம்பிலயும் கூட்டக் குறிப்பிலயும் "சனசமூக நிலையமும் வாசிகசாலையும்" எண்டு இருக்கு. ஏலாது எண்டிட்டினம். புது ஸ்ராம்ப் அடிச்சுக்கொண்டு போனா தீர்மானமும் அந்தப் பேரிலதான் வேணுமாம், அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்தானே? யாப்பின்படி பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் அறிவித்தல் குடுக்கவேணும், பேந்து கூட்டம், பேந்து தீர்மானம், மூண்டு பேர் கையெழுத்து. ஒரு சொல்லுக்காக ஒன்றரை மாசம்.

இதுக்குள்ள நாங்கள் விட்ட பெரிய பிழை, கணக்குத் திறபடும் மட்டும் எண்டு வெளிநாட்டுக் காசைப் பொருளாளர் ஐயாவின்ர சொந்தக் கணக்குக்குப் போடச்சொன்னது. அவர் இளைப்பாறின வாத்தியார், ஒரு சதம் பிசகாத மனுசன். ஊரில கதை கட்டிவிட்டிட்டினம். ரெண்டு கிழமை அவர் வெளியிலயே வரேல்ல, கூட்டத்துக்குக் கூப்பிடப் போனா கேற்றடியில நிண்டு "நான் விலகிறன் தம்பி" எண்டார், எனக்கு என்ன சொல்லிறதெண்டே தெரியேல்ல. பற்றுச்சீட்டு எல்லாத்தையும் போட்டோக்கொப்பி எடுத்து வாசிகசாலை அறிவித்தல் பலகையில ஒட்டின பிறகுதான் அடங்கினது. தயவுசெய்து சங்கக் கணக்குத் திறக்காமல் ஒரு ரூபாயும் வாங்காதேங்கோ.

இன்னொண்டும் நடந்தது. நல்ல மனசுள்ள ஒரு அண்ணை, விடுமுறைக்கு வந்தவர், நாங்கள் மெல்லமாச் செய்யிறம் எண்டு நினைச்சு ஒரு சுமைதாங்கிக்கு நீலமும் வெள்ளையுமா எனாமல் பெயின்ற் அடிச்சு, கீழ "உபயம்" எண்டு தன்ர தகப்பன்ர பேரையும் எழுதிப்போட்டார். வெடிச்ச இடத்துக்குச் சீமெந்தும் பூசிக் கிடந்தது. எங்களுக்கு அழுகைதான் வந்தது, ஆனா அந்த அண்ணையோட சண்டை பிடிக்க மனம் வரேல்ல.

தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதினம். பயந்துகொண்டுதான் எழுதினது, ஆனா வந்த உத்தியோகத்தர் தங்கமான ஆள். அவர் சொன்னபிறகுதான் விசயமே விளங்கினது: 1940 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில 1815 மார்ச் 2 க்கு முந்தினதுதான் தன்பாட்டில புராதனச் சின்னம் எண்டு வரும், அதுக்குப் பிந்தினதை வர்த்தமானியில அறிவிச்சாத்தான் பாதுகாப்பு. எங்கட பக்கத்துச் சுமைதாங்கியள் கனக்க அதுக்குப் பிந்தினது, அதாலதான் எந்தக் கந்தோருக்குப் போனாலும் "இது எங்கட இல்லை" எண்டு தள்ளிவிட்டிருக்கினம். சீமெந்து பூசினா உள்ளுக்க இருக்கிற ஈரம் வெளிய வராமல் உப்புப் பூத்துக் கல்லு உதிரும், சுண்ணாம்புதான் பாவிக்கவேணும், கம்பி பிறஷ் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ எண்டும் சொன்னார்.

அவர் பக்கத்தில நிக்க, மூங்கில் சீவலால ரெண்டு நாள் சுரண்டினம். குறுக்குக் கல்லில பெயின்ற் கழர எழுத்துத் தெரிஞ்சுது. பேர் இருந்த இடம் சிதைஞ்சு போச்சு, "ஞாபகமாக" எண்டது மட்டும் வடிவா இருக்கு, அந்த "ஞா" ஒரு விரல் நீளம். பிள்ளைத்தாச்சியா இருந்து செத்துப்போன ஆரோ ஒரு பொம்பிளைக்காக வச்சதாத்தான் இருக்கும், எங்கட ஊர்களில அதுதானே வழக்கம். பெயின்ற் அடிச்ச அண்ணைக்கு வீடியோவில காட்டினம், அவர் கனநேரம் கதைக்கேல்ல, பேந்து பலகைக்குரிய காசு முழுக்கத் தான் தாறன், பேர் போடவேண்டாம் எண்டார்.

அண்டைக்குப் பக்கத்து வளவில இருந்து ஒரு ஆச்சி வந்து பாத்துக்கொண்டு நிண்டவ. சின்னனில தாயோட சந்தைக்குக் கடகம் சுமந்தவவாம். "இறக்கி வைக்க ஆளில்லாட்டி இதில சாத்தி வைப்பம் மோனை, பேந்து தலையைக் குடுத்து நாங்களே தூக்கலாம்" எண்டு சொல்லி, குறுக்குக் கல்லுக்குக் கீழ தலையைக் கொண்டுபோய்க் காட்டினா. சீலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருந்த 500 ரூபாயையும் அவிழ்த்துத் தந்தா. பற்றுச்சீட்டு எழுதிக் குடுத்தம், மடிச்சு அதே முடிச்சுக்குள்ள வச்சிட்டா.

மிச்சம் முழுக்க றோட்டுக்குப் பொறுப்பான ஒரு கந்தோர். சுமைதாங்கி நிக்கிறது றோட்டோரக் காணி, பலகை நடுறதுக்கு அவையின்ர சம்மதம் வேணும். முதல் தரம் போக, கந்தோர் ஐயா களவேலைக்குப் போட்டார். ரெண்டாம் தரம் வரைபடம் இல்லை. வரைபடத்தோட போனா, அதில கல்லுக்கும் தார் விளிம்புக்கும் இடைத்தூரம் எழுதேல்ல. எழுதிக்கொண்டு போனா பைல் வேற மேசைக்குப் போட்டுது, அந்த மேசைக்காரர் லீவு. ஐஞ்சாம் தரம் போய்ப் பாத்தா எங்கட விண்ணப்பமே இல்லை. நல்லகாலம் நான் ஒவ்வொரு முறையும் எங்கட பிரதியில திகதி முத்திரை குத்துவிச்சு வச்சனான். அதை மேசையில வச்ச உடனதான் தேடத் தொடங்கினவை. அந்த முத்திரை இல்லையெண்டா முதல்ல இருந்து திரும்பத் தொடங்கியிருக்கவேணும். முத்திரை இல்லாமல் எந்தக் கந்தோரிலயும் கடிதம் குடுத்திட்டு வராதேங்கோ, "வச்சிட்டுப் போங்கோ" எண்டாலும் நிண்டு வாங்குங்கோ. போகேக்க தனியவும் போகாதேங்கோ, கிராம சேவையாளரைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்குத்தான் எங்களுக்குக் கதிரை போட்டவை.

கடிதம் வந்திட்டுது எண்டு நேற்று இரவே பொடியள் பலகைக்குக் குழி வெட்டப் போனவங்கள். போன இடத்தில பாத்தா, சுமைதாங்கிக்கு அங்கால ரெண்டடி தள்ளி, றோட்டு அகலிக்கிறதுக்குச் சிவப்பு மை பூசின கட்டை ஒண்டு அடிச்சுக் கிடக்குதாம். கட்டைக்கும் றோட்டுக்கும் நடுவிலதான் கல்லு நிக்குது. விடியப்புறமே போய்ப் படம் எடுத்து, வர்த்தமானியில பாதுகாக்கச் சொல்லி ஒரு விண்ணப்பமும் றோட்டுக் கந்தோருக்கு இன்னொரு கடிதமும் எழுதியாச்சு. செவ்வாய்க்கிழமை வரட்டாம். பொருளாளர் ஐயாவும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறார்.