காலு நின்னுருச்சு, வாய் நிக்கல

கணுக்காலுக்கு மேல ஷின் எலும்புல ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், அதாவது எலும்பு விரிசல் விடறதுக்கு முந்தின கட்டம், ஆறு வாரம் ஓடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஜனவரி சென்னை மாரத்தானை மனசுல வச்சுட்டு வாரம் 55 கிலோமீட்டர் வரைக்கும் ஏத்திட்டு போயிருந்தேன், கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல ரவுண்டு ரவுண்டா, அதுல வந்த வினை தான். சரி அது போகட்டும், இப்ப சொல்ல வந்தது சாப்பாட்டு கதை.

மொத வாரம் ஒண்ணுமே மாத்தல. காலைல அஞ்சு மணிக்கு தானா முழிப்பு வந்துரும், ஓடத்தான் முடியாது, ஆனா ஆறரைக்கு ரெண்டு வாழைப்பழம், எட்டு மணிக்கு ஆறு தோசை, பதினொண்ணுக்கு கடலை உருண்டை, எல்லாம் அந்தந்த டைமுக்கு கரெக்டா உள்ள போயிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை லாங் ரன் முடிச்சு வந்தா வீட்ல சந்தகையும் (எங்க ஊரு இடியாப்பம்) தேங்காப்பாலும் இருக்கும், வருஷக்கணக்கா அப்படித்தான். அந்த ஞாயிறும் அம்மா புழிஞ்சு வச்சுட்டாங்க, நானும் சோபால இருந்து எந்திரிச்சு போய் வழக்கம்போல மூணு தட்டு அடிச்சேன். வேர்வை ஒரு சொட்டு கிடையாது. சாப்டு நிமிர்ந்தா வீட்டுக்காரி என்னையே பாத்துட்டு நிக்கறா, "ஏங்க, எங்க ஓடிட்டு வந்தீங்க?"

அப்பறம் தான் கணக்கு போட்டேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா ஒரு கலோரின்னு ஓடறவங்க வச்சுக்கற கணக்கு. நான் 74 கிலோ, 55 கிலோமீட்டர், அப்போ வாரத்துக்கு நாலாயிரத்து சொச்சம், நாளைக்குன்னு பாத்தா 580. எண்ணெ விட்ட தோசை ஒண்ணு 130ன்னு வச்சா நாலு தோசை மாதிரி. அதாவது ஆறுல நாலு தோசை என் காலு சம்பாதிச்சது, காலு இப்ப லீவுல இருக்கு.

பசி தானா குறைஞ்சுரும்னு தான் நெனச்சேன், குறையல. 1956ல ஜான் மேயர்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் மேற்கு வங்காளத்துல சணல் மில்லு ஆளுங்க எவ்வளவு சாப்பிடறாங்கன்னு பாத்து எழுதிருக்காங்க, உக்காந்தே இருக்கறவங்க சாப்பாடு ஓடியாடி வேலை செய்யறவங்களுக்கு குறைஞ்சதா இல்லையாம். வேலை ஏறுனா பசி ஏறும், வேலை ரொம்ப இறங்கிட்டா பசி கூட இறங்கறதில்ல. அதை படிச்சதும் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, நான் மட்டும் தீனிப்பண்டாரம் இல்லை போல.

ரெண்டாவது வாரம் பண்ணது தான் பெரிய முட்டாள்தனம். பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டேன், மோர் மட்டும். நாலே நாள்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு பிரிட்ஜ் முன்னாடி நின்னு பழைய கேசரி தின்னு, அது ஒரு கேவலம். பிசியோ கிட்ட பெருமையா சொன்னா திட்டறாங்க, எலும்பு கூடறதுக்கும் சாப்பாடு வேணும், ஓடற அளவுக்கு சாப்பிடாதவங்களுக்கு தான் இந்த பிரச்சனையே அதிகமா வருது, நீங்க புரோட்டீனை குறைச்சீங்கன்னா சும்மா இருக்கற காலுல சதையும் சேத்து கரையும்னு. யோசிச்சா நான் ஓடுன காலத்துலயே காலைல வெறும் காப்பியோட 18 கிலோமீட்டர் போன ஆளு.

அதனால இப்ப வேளை சாப்பாட்டுல கை வைக்கல, ஓட்டத்துக்காக உள்ள வந்ததை மட்டும் வெளிய அனுப்பிட்டேன். வாழைப்பழம் ரெண்டு ஒண்ணாச்சு, கடலை உருண்டை, எலக்ட்ரால், சர்க்கரை போட்ட ரெண்டாவது காப்பி எல்லாம் கட். தோசை மூணு, கூட ரெண்டு முட்டை. மத்தியானம் சோறு ஒரு கரண்டி கம்மி, பருப்பு ஒரு கரண்டி ஜாஸ்தி. அஞ்சு மணிக்கு முழிச்சா கட்டில்லயே உக்காந்து பிசியோ சொன்ன கால் பயிற்சி, இல்லன்னா கால் தானா அடுப்படிக்கு போயிருது. பசின்னு நெனச்சதுல பாதி அந்த டைம் பழக்கம் தான்.

அம்மாவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்லி வாரம் மூணு நாள் கொள்ளு கடையறாங்க, சின்ன வெங்காயம் சீரகம் பூண்டு எல்லாம் போட்டு. உண்மையிலயே நல்லா இருக்கு, ஆனா ருசில சோறு ரெண்டு கரண்டி கூட போயிருது, அதை யாரும் கணக்குல சேக்கறதில்ல.

எடை மொத்தம் ஒரு கிலோ ஏறிருக்கு, பரவால்ல, அதுக்கு மேல தராசுல ஏறி பாக்கறதையும் நிறுத்திட்டேன்.

வர்ற ஞாயிறு நடந்து நடந்து மொத்தமா ரெண்டு கிலோமீட்டர் ஓடிப் பாக்க சொல்லிருக்காங்க. அம்மா இப்பவே கேக்கறாங்க, "சாமி, சந்தகைக்கு ஊற வைக்கட்டுமா?" ரெண்டு கிலோமீட்டர்னா 150 கலோரி, சந்தகைக்கு ஒரு கால் தட்டு தேறும், தேங்காப்பாலுக்கு தான் கணக்கு உதைக்குது. ஊற வைங்கன்னு சொல்லிட்டேன்.