அங்கே ஏதாவது சாப்பிட்டாயா?

மகள் விடுதிக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. அவள் அறையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம் என்று போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு புத்தகம் செருகிக் கிடந்தது, அதை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டியதோடு அன்றைய வேலை நின்றுபோனது. மெக் கேபட் எழுதிய 'அபாண்டன்'. அலமாரியில் அதன் இரண்டாம் பாகம் 'அண்டர்வேர்ல்ட்', மூன்றாம் பாகம் 'அவேக்கன்' இரண்டும் இருந்தன. 2011, 2012, 2013 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தவை. பதின்வயதினருக்கான காதல் கதை, அதுவும் செத்துப்போனவர்களின் உலகத்தில் நடக்கிற காதல். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றவே இல்லை, அன்றைக்கு இரவு இரண்டு மணி வரைக்கும் அவள் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு படித்தேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முடிவைச் சொல்லமாட்டேன். பியர்ஸ் என்று ஒரு பெண். ஏழு வயதில் தாத்தாவின் இறுதிச் சடங்கு அன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு அந்நியனைப் பார்க்கிறாள். பதினைந்து வயதில் ஒரு விபத்தில் செத்துப்போகிறாள். கண் விழித்தால் ஒரு கரை, அங்கே இறந்தவர்கள் படகுக்காக வரிசையில் நிற்கிறார்கள், அந்த இடத்துக்கு அதிபதி சின்ன வயதில் பார்த்த அதே ஆள். ஜான் ஹேடன் என்று பெயர். அவன் தன்னுடனேயே இருந்துவிடச் சொல்கிறான். இவளோ கையிலிருந்த சூடான தேநீரை அவன் முகத்தில் வீசிவிட்டு ஓடிவந்து உயிர் பிழைத்துக்கொள்கிறாள். பதினேழு வயதில் அம்மாவோடு அம்மாவின் சொந்தத் தீவுக்குக் குடிபோனால், அந்த உலகத்துக்கு வாசல் அந்தத் தீவிலேயே இருக்கிறது. கிரேக்கப் புராணத்தில் பாதாள அரசன் ஹேடிஸ், பெர்செஃபனியைத் தூக்கிக்கொண்டு போகிற கதையின் மறுவடிவம் இது என்று முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கல்லறைத் தோட்டத்துக் காட்சிதான். அடிபட்ட ஒரு புறா, அழுதுகொண்டே அதைக் காட்டுகிற ஏழு வயதுக் குழந்தை. அவன் அதைக் கையில் வாங்குகிறான், அது பறந்துபோகிறது. காதலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாவுக்குப் பொறுப்பாக இருக்கிறவன் ஒரு குழந்தை அழுகிறாளே என்று ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறிவிடுகிறான். மூன்று பாகத்தில் அவன் பேசுகிற அத்தனை காதல் வசனத்தையும்விட இந்த ஒன்றுதான் அவனை எனக்கு நல்லவனாகக் காட்டியது.

தீவின் பெயர் இஸ்லா ஹுவேசோஸ், ஸ்பானிய மொழியில் எலும்புகளின் தீவு. அமெரிக்காவின் புளோரிடா முனையில் இருக்கிற கீ வெஸ்ட்டுக்கு ஸ்பானியப் பெயர் காயோ ஹுவேசோ, எலும்புத் தீவு என்றுதான் பொருள், ஆகவே எழுத்தாளர் எந்த ஊரை மனதில் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. 1846 அக்டோபரில் ஒரு பெரும் சூறாவளி கீ வெஸ்ட்டின் கடலோரக் கல்லறைத் தோட்டத்தையே அரித்துக்கொண்டு போனது, புதைத்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மறு வருடம் ஊரின் நடுவே மேடான இடத்தில் புதிய தோட்டம் அமைத்தார்கள். இதைத் தேடிப் படித்த பிறகு, பாதாளத்துக்கு வாசல் வைக்க அவர் ஏன் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்பது நன்றாகவே புரிந்தது.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். மகள் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறவள். மூன்று பாகத்திலும் கோடுகள் இருந்தன, எல்லாமே ஜான் பேசுகிற இடங்கள், அல்லது பியர்ஸ் அவனைப் பார்க்கிற இடங்கள். நானும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டேன், அவள் கோட்டோடு குழம்பாமல் இருக்க ஓரத்தில் சின்னப் புள்ளி மட்டும் வைத்தேன். இரண்டாம் பாகம் முடியும்போதுதான் என் புள்ளிகள் எல்லாம் எங்கே விழுந்திருக்கின்றன என்று கவனித்தேன். அம்மா வருகிற இடங்களில். மகள் கீழே இன்னொரு உலகத்தில் இருக்கிறாள், மேலே இருப்பவர்களுக்கு அவளைக் காணோம் என்பது மட்டும்தான் தெரியும். அந்த மேலே என்ன நடக்கிறது என்பதற்காக நான் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். கதை அங்கே போவதும் திரும்பிவிடுவதுமாக இருக்கிறது. கீழே படுக்கையறை எப்படி இருக்கிறது, அவன் கண் எந்த நிறம் என்று அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது, ஒரு தாய் இரவில் தூங்கினாளா என்று மட்டும் சொல்லவே மாட்டேன் என்கிறது.

அந்த ஆற்றாமையில் மூலக்கதையைத் தேடிப் போனேன். அங்கே பார்த்தால் நிலைமை நேர் எதிர்.

பெர்செஃபனி கதையை முழுதாகச் சொல்கிற மிகப் பழைய கவிதை ஒன்று இருக்கிறது, ஹோமரின் பெயரால் வழங்குகிற துதிப்பாடல்களில் ஒன்று, கிட்டத்தட்ட 500 வரி. அது பாடப்பட்டதே அம்மாவைப் பற்றித்தான். 'டிமீட்டருக்கு' என்பதுதான் தலைப்பு, டிமீட்டர்தான் அந்த அம்மா, பயிர் விளைச்சலின் தெய்வம். ஹேடிஸ் ஆரம்பத்தில் வந்து பெண்ணைத் தூக்கிப் போகிறான், கடைசியில் கொஞ்சம் பேசுகிறான், அவ்வளவுதான் அவன் பங்கு. மீதியெல்லாம் மகளைத் தொலைத்தவளின் கதை. ஒன்பது நாள் கையில் தீப்பந்தத்தோடு அலைகிறாள், சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. யார் தூக்கிப் போனது என்று சூரியன் சொன்ன பிறகு கோபித்துக்கொண்டு தேவர்களை விட்டே விலகி, கிழவியாக உருமாறி, எலூசிஸ் என்ற ஊரில் ஒரு கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த ஊர் அரசன் வீட்டுப் பெண்கள் அவளைத் தங்கள் தம்பியை வளர்க்கிற தாதியாகக் கூட்டிப்போகிறார்கள்.

அங்கே நடப்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தக் கைக்குழந்தையை அவள் பகலில் அமுதம் பூசி வளர்க்கிறாள், இரவில் யாருக்கும் தெரியாமல் தீக்குள் ஒரு கட்டையை வைப்பதுபோல் வைக்கிறாள். சாவே வராத ஒருவனாக அவனை ஆக்குவதற்கு. தன் குழந்தையைச் சாவின் அரசன் கொண்டுபோய்விட்டான், அதனால் கையில் கிடைத்த வேறொரு குழந்தையைச் சாவுக்கு எட்டாமல் ஆக்கப் பார்க்கிறாள். கவிதை இப்படி விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அவள் செய்வதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது. ஒரு இரவு குழந்தையின் தாய் பார்த்துவிட்டு அலறுகிறாள், எல்லாம் கெட்டுப்போகிறது. இரண்டு தாய்களுமே தங்கள் குழந்தைக்காகத்தான் பதறுகிறார்கள், யாரைக் குறை சொல்வது?

அதற்குப் பிறகுதான் அவள் உலகத்தில் ஒரு விதைகூட முளைக்காமல் பண்ணுகிறாள். தேவர்கள் ஒவ்வொருவராக வந்து கெஞ்சுகிறார்கள், மகளைக் கண்ணால் பார்க்காமல் முடியாது என்று எல்லாரையும் திருப்பி அனுப்புகிறாள். சாவின் உலகத்திலிருந்து பெர்செஃபனியை மீட்டது யார்? மேலே உட்கார்ந்து பிடிவாதம் பிடித்த அம்மா. இந்தப் பெரிய விஷயத்தைத்தான் இந்த வகைக் காதல் கதைகள் அம்மா கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

இதை மகளிடம் போனில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நீ சொல்ற பழைய கதையில அந்தப் பொண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. கேட்கவில்லை. அப்பன் ஜீயஸ் சம்மதம் கொடுத்துவிட்டான், பூ பறிக்கப் போனவளுக்குப் பொறியாக ஒரே வேரில் நூறு பூக்கிற நார்சிசஸ் செடியைப் பூமியே முளைக்க வைத்தது, அவள் கத்தியது தவிர அந்த இடத்தில் அவளுக்கு வேறு பேச்சு இல்லை. "இதுல அவ தேநீரைத் தூக்கி மூஞ்சியில ஊத்துறா. ஓடுறா. அப்புறம் எங்க இருக்கணும்னு அவளே யோசிக்கிறா. எனக்கு அது பிடிச்சிருக்கு." அவள் சொன்னது முழுக்கச் சரி. கோடு போட்ட இடங்களில் மறுபடி போய்ப் பார்த்தேன். ஜான் பேசுகிற இடம் என்று நான் நினைத்தவற்றில் பாதி, பியர்ஸ் அவனுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிற இடங்கள். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

அதோடு அவள் கேள்வி என்னை மாதுளை விதை வருகிற இடத்துக்குக் கொண்டுபோனது. கீழுலகத்தில் எதையாவது தின்றால் அங்கேயே கட்டுப்பட வேண்டும் என்பது விதி. பழைய கவிதையில் ஒரே ஒரு விதை, வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே. ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதும்போது அது ஏழு விதை, ஆறு மாதம் கீழே, ஆறு மாதம் மேலே என்று மாறிவிட்டது. ஆனால் எண்ணிக்கையைவிடச் சுவாரசியமான ஒன்று அந்தப் பழைய கவிதைக்குள்ளேயே இருக்கிறது. கவிஞர் தானாகச் சொல்லும்போது, ஹேடிஸ் யாருக்கும் தெரியாமல் விதையைக் கொடுத்தான் என்று மட்டும் சொல்கிறார். அதையே மகள் அம்மாவிடம் சொல்லும்போது, எனக்கு இஷ்டமே இல்லை, வலுக்கட்டாயமாகச் சாப்பிட வைத்தான் என்கிறாள். எது நடந்தது? உண்மையிலேயே பலவந்தமா, அல்லது அம்மா முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி சொல்ல முடியவில்லையா? இன்றைக்கு எழுதப்படுகிற பெர்செஃபனி காதல் கதைகள் அத்தனையும் இந்த இடைவெளிக்குள்தான் குடியிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. அவளுக்கே விருப்பம் இருந்திருந்தால் என்ற ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மூன்று பாகமாகப் போகிறார்கள்.

விருப்பம் இருக்கட்டும், விலை எங்கே என்பது என் இரண்டாவது மனக்குறை. செத்தவரை மீட்கிற கதை எதுவாக இருந்தாலும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ருரு, பிரமத்வரை என்று இருவர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பாம்பு கடித்து இறந்துபோகிறாள். தன் ஆயுளில் பாதியை எழுதிக்கொடுத்தால் அவள் எழுவாள் என்று தேவதூதன் சொல்கிறான், ருரு யோசிக்காமல் கொடுக்கிறான், அவள் தூங்கி எழுந்ததுபோல் எழுகிறாள். கிரேக்கத்திலும் ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிசியைப் பாம்புதான் கடிக்கிறது, ஆனால் பாதாளத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடி அவளைக் கேட்டு வாங்கிய ஆர்ஃபியஸ், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, மேலே வந்துசேரும் தறுவாயில் திரும்பிப் பார்த்து அவளை இழந்துவிடுகிறான். பாட்டுப் பாடிக் கேட்டவனுக்குக் கிடைக்கவில்லை, பாதி வாழ்நாளைக் கொடுத்தவனுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு ருரு தடியை எடுத்துக்கொண்டு கண்ணில் படுகிற பாம்பையெல்லாம் அடிக்கிறான், அது எனக்கு அவன் கொடுத்த ஆயுளைவிட நம்பும்படியாக இருக்கிறது. செத்துத் திரும்பி வந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவனால் வேறு எப்படி இருக்க முடியும்?

இந்த முத்தொகுதியில் ஆபத்துகள் நிறைய, ஃபியூரிகள் என்கிற பழிவாங்கும் ஆவிகள் மனிதர்களுக்குள் புகுந்துகொண்டு துரத்துகின்றன, அவை பக்கத்தில் வந்தால் பியர்ஸின் கழுத்துச் சங்கிலியில் இருக்கிற கல் நிறம் மாறுகிறது. வேகமாகத்தான் போகிறது, முக்கியமாக மூன்றாம் பாகத்தின் புயல். ஆனால் ஒவ்வொரு தடவை யாராவது சாவின் விளிம்புக்குப் போகும்போதும் எனக்குப் பயம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவை திரும்ப முடியும் என்று காட்டிவிட்டால் மறு தடவை வாசகரைக் கலங்க வைப்பது ரொம்பக் கஷ்டம். ஒருவேளை பதினாறு வயதில் படித்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது, அந்த வயதில் நான் யாரையும் இழந்திருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. அந்த டிமீட்டர் துதி பல நூற்றாண்டுகள் காணாமலே போயிருந்தது, 1777 இல் மாஸ்கோவில் கிடைத்த ஒரே ஒரு கைப்பிரதியிலிருந்துதான் நமக்கு முழுதாகத் தெரியும். அந்தப் பிரதி ஓரிரண்டு இடங்களில் கிழிந்திருக்கிறது. அதில் ஒரு கிழிசல், அம்மா மலையிலிருந்து ஓடிவர, மகள் தேரிலிருந்து குதித்து ஓடிவருகிற அந்த வரிகளில் விழுந்திருக்கிறது. சில வரிகளில் பாதிச் சொற்கள்தான் மிச்சம், மற்றதை அறிஞர்கள் ஊகித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிகிறது, மகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஏதோ சந்தேகம் தட்டுகிறது, கேட்கிறாள்: குழந்தை, கீழே இருந்தபோது எதையும் சாப்பிட்டுவிடவில்லையே?

இதை நேற்று இரவு மகளிடம் படித்துக்காட்டினேன். மறுமுனையில் சத்தமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள், "நீயும் தினமும் போன் எடுத்ததும் அதைத்தானேம்மா கேக்குற?"

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ஏழு விதை" என்றாள். தீபாவளி விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம்.