மக் கைப்பிடி விரிசல்: ஒருவழியா ஒரு லோடு முழுசா தப்பிச்சுது

பிஸ்க் சூளைய, அதாவது பூச்சு போடறதுக்கு முன்னாடி மொத தடவை சுடற சூளைய, நேத்து தொறந்தாச்சு. சனிக்கிழமை பேட்ச் பண்ண மக்குங்க மொத்தமும் உள்ள இருந்துது, ஒண்ணுலகூட கைப்பிடி விரிசல் இல்ல. நம்பிக்கை வராம ஒவ்வொண்ணா எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன், நகத்தால சுண்டிப் பாத்தேன், எல்லாம் கணீர்னு சத்தம் குடுக்குது. விரிசல் இருந்தா 'டொக்'னு செத்த சத்தம்தான் வரும், பழகுன காதுக்கு தெரிஞ்சுடும். மண்ணு வேலை பாக்கறவங்களுக்கு நான் ஏன் இவ்ளோ ஆடறேன்னு புரியும், மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

முத்தியால்பேட்டை பக்கம் நாங்க நாலஞ்சு பேர் சேந்து வாடகை போட்டு நடத்துற பொது ஸ்டுடியோ இது. சனிக்கிழமை கிளாஸ் என் பொறுப்பு. ரிட்டயர் ஆன பேங்க் அம்மா, காலேஜ் பசங்க, ஐடி வேலைய வீட்லேர்ந்து பாக்கற ரெண்டு பேரு, வில்லியனூர்லேர்ந்து ஒரு அண்ணன்னு கலந்துகட்டி ஒரு கூட்டம். யார் வந்தாலும் கேக்கற மொத கேள்வி "மக் எப்ப அக்கா பண்ணுவோம்?" அவங்கள சொல்லியும் குத்தமில்ல, பாண்டிச்சேரியில பாட்டரின்னாலே கண்ணுக்கு வர்றது கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பூச்சு) போட்ட ஸ்டோன்வேர் (அதிக சூட்டுல சுடற கெட்டி மண்ணு) மக்தான். 1971ல ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் இங்க கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிய ஆரம்பிச்சதுலேர்ந்து அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க, அந்தக் கத்துக்கிட்டவங்ககிட்ட கத்துக்கிட்டவங்கன்னு ஊரச் சுத்தி, ஆரோவில் வரைக்கும் ஸ்டுடியோவா முளைச்சுக் கெடக்குது. காஃபே போனா அந்த மக்லதான் காபி வருது, பாத்துட்டு வந்து நமக்கும் ஒண்ணு வேணும்னு நிக்கறாங்க. சக்கரத்து நடுவுல நிறுத்தறப்பவே (சென்டரிங்) மண்ணு இன்னும் தள்ளாடிட்டு இருக்கும், ஆனா கைப்பிடி எந்த ஷேப்ல வைக்கணும்னு போன்ல படம் சேவ் பண்ணி வெச்சிருப்பாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். இந்தக் கைப்பிடி விரிசல் எப்பவும் ஒரே எடத்துலதான் வரும், மேல் ஒட்டுல, பிடிக்கு அடிப்பக்கம், மக்கு சுவரும் பிடியும் சேர்ற மூலைல ஒரு மயிரிழைக் கோடு. பச்சையா இருக்கறப்ப கண்ணுக்கே படாது. பிஸ்க் முடிஞ்சு எடுத்தா பல்ல இளிக்கும். பேங்க் அம்மா போன தடவை அவங்க மக்க கைல வெச்சிக்கினு "ஏம்மா, நான்தான் சரியா ஒட்டலையா"ன்னு கேட்டாங்க. எல்லாருக்கும் அதே சந்தேகம்தான், ஒட்டு சரியில்ல, கீறல் பத்தல, ஸ்லிப் (ஒட்டறதுக்கு வெக்கற மண் குழம்பு) தண்ணியா இருந்துச்சுன்னு. நான் அவங்க ஒட்டறத பக்கத்துல நின்னே பாத்தவ, ஃபோர்க்கால ஆழமா கீறி, ஸ்லிப் வெச்சு, அமுக்கி, பக்கத்துல பிதுங்கி வர்ற அளவுக்குதான் ஒட்டுனாங்க. ஒட்டுல ஒரு குறையும் இல்ல.

காரணம் ஈர வித்தியாசம். நம்ம ஸ்டோன்வேர் மண்ணு காயறப்பவே அஞ்சு ஆறு சதவீதம் சுருங்கிடும், சூட்டுல சுருங்கறது தனிக்கணக்கு. மக்கு லெதர் ஹார்ட், அதாவது தோல் மாதிரி பாதி காஞ்ச பதம், தாண்டிப் போச்சுன்னா அது சுருங்க வேண்டியதுல பெரும்பங்கு சுருங்கி முடிச்சிருக்கும். அதுல போயி அப்பதான் மண்ண நீவி நீட்டி இழுத்த ஈரப் பிடிய ஒட்டுனா, 10 சென்டிமீட்டர் பிடி அரை சென்டிமீட்டர் சுருங்கப் பாக்கும், மக்கு அசையாது, எங்கியாவது விட்டுத்தானே ஆகணும்? மேல் மூலைல விட்டுடுது. இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், மக்கு ஈரமா இருக்கறப்ப மெல்லிசு பிடி காத்துல மொதல்ல காஞ்சு சுருங்கி பிச்சிக்கினு வரும். ரெண்டுக்கும் விரிசல் ஒரே எடத்துலதான், அதனாலதான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க.

வினிகர் வைத்தியம் இருக்கு பாருங்க, அத்த பத்தி பேசாம இருக்க முடியாது. ஸ்லிப்ல தண்ணிக்கு பதிலா வினிகர் ஊத்துனா விரிசலே வராதுன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றாங்க. பேட்ச்ல பாதிப் பேருக்கு வினிகர் ஸ்லிப், பாதிப் பேருக்கு சாதா ஸ்லிப்னு குடுத்து, அடியில குறி போட்டு சுட்டுப் பாத்தோம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் விட்டுச்சு. வினிகர் ஸ்லிப்ப கொஞ்சம் கெட்டியாக்கும், ஒட்ட லேசா உதவும், அவ்ளோதான். ஈர வித்தியாசத்த அது என்னா பண்ணும்?

இதுல நம்ம ஊரு காத்து வேற. எங்க ஜன்னல் கிழக்கால பாத்தது. சித்திரை வைகாசில காலைல அனல், மதியத்துக்கு மேல கடல் காத்து நேரா ஷெல்ஃப்ல அடிக்கும், காத்துப் பக்கம் இருக்கிற பிடி வெளுத்துப் போயிருக்கும், மறுபக்கம் மக்கு இன்னும் ஈரமா கருத்து நிக்கும். ஆடில மேலக்காத்து, அது இன்னும் மோசம். ஐப்பசி கார்த்திகை அடைமழைல எதுவுமே காயாது, அப்ப யாராவது நல்ல எண்ணத்துல ஃபேனப் போட்டு விட்டுட்டுப் போவாங்க, கெட்டுது கதை. "வேர்த்தா வேர்க்கட்டும், ஃபேனப் போடாதீங்க"ன்னு சுவத்துல எழுதியே ஒட்டி வெச்சிருக்கேன்.

ஆனா உண்மையான சிக்கல் காத்து இல்ல, கிளாஸ் வாரத்துக்கு ஒரு நாள்ங்கறதுதான். புஸ்தகத்துல எல்லாம் "மக்கும் பிடியும் ஒரே பதத்துல இருக்கறப்ப ஒட்டவும்"னு ஒரு வரில முடிச்சிடறாங்க. அது ஸ்டுடியோவுலயே குடியிருக்கறவங்களுக்கு சரி. காலைல தட்டிப் பாத்து, சாயந்தரம் மூடி, மறுநாள் ஒட்டலாம். இங்க சனிக்கிழமை வீல்ல போட்டுட்டு போறவங்க அடுத்த சனிக்கிழமைதான் வருவாங்க. அதுக்குள்ள மக்கு எலும்பா காஞ்சு போயிருக்கும், இல்ல கவர் போட்டு இறுக்கி மூடினதுல வாய் மட்டும் காஞ்சு அடி சேறாவே இருக்கும். நடுவுல யாரு வந்து பாத்துக்கறது? நான் பாத்துக்கலாம், ஆனா அவ்ளோ பேரு மக்குக்கும் ஆயா வேலை பாக்க என்னால ஆகாது சாமி. அதான் மக்கு தானா ஒரு வாரம் அதே பதத்துல காத்திருக்கற மாதிரி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டுது.

டேம்ப் பாக்ஸ், அதாவது ஈரம் போகாம வெச்சிருக்கற மூடி போட்ட பொட்டி, புது விஷயம் ஒண்ணும் இல்ல, ஆனா விக்கறத வாங்குனா விலை கட்டுப்படி ஆகாது. கடலூர் முதுநகர் ஹார்பர் பக்கம் மீனு அனுப்புற தெர்மோகோல் பொட்டி பழசு கெடைக்கும், மூடியோட. கனமான சுவரு உள்ளதா பாத்து எடுங்க, வெள்ளையா பளபளன்னு இருக்கிற மெல்லிசு பொட்டி ரெண்டு தடவை தூக்குனா ஒடையும். சோப்பு, புளித்தண்ணி, வெயில்னு எல்லாம் பாத்தாச்சு, இன்னமும் மழை நாள்ல மூடியத் தொறந்தா லேசா வஞ்சிரம் வாசம் வருது. பசங்க பழகிட்டாங்க.

பொட்டிக்கு அடியில பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைச்சு ரெண்டு இஞ்சு கனத்துக்கு ஊத்திடணும். இறுகுனதும் மேல தண்ணி ஊத்துனா குடிச்சிக்கிட்டே இருக்கும், போதும்னு ஆனப்புறம் மேல நிக்கிற தண்ணிய மட்டும் சாச்சுக் கொட்டிடணும். அதுக்கு மேல பிளாஸ்டிக் ஜாலி ஒண்ணு, ஜாலி மேல மக்கு, மூடி. பிளாஸ்டர் மெல்ல மெல்ல ஈரத்த விட்டுக்கிட்டே இருக்கும், பொட்டிக்குள்ள காத்து முழுக்க ஒரே ஈரம், வாய்க்கும் அடிக்கும் வித்தியாசம் இருக்காது. பேங்க் அம்மா எட்டிப் பாத்துட்டு "இட்லி குண்டான்தானேம்மா இது"ன்னாங்க, அடுப்பு மட்டும்தான் இல்ல, மத்தபடி அதேதான்.

ஜாலிய விட்டுடாதீங்க. மக்க நேரா பிளாஸ்டர் மேல வெச்சா அடியில பொடி ஒட்டிக்கும், அது மண்ணுக்குள்ள போச்சுன்னா சுட்டு எடுத்த கொஞ்ச நாள்ல சுண்ணாம்பு ஈரத்த இழுத்து ஊதி, அந்த எடம் சில்லு சில்லா தெறிச்சுடும். அதே மாதிரி உரசுற சத்தம் பிடிக்காதவங்க தெர்மோகோல் மூடிய வேற யாரையாவது விட்டுத் தொறக்கச் சொல்லுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல மூடியே கெடந்தா பூஞ்சை புடிக்கும், மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நாத்தம். உள்சுவத்த வினிகர் தொட்ட துணியால தொடச்சா நிக்குது. வாங்கி வெச்ச வினிகர் பாட்டில் இப்படித்தான் காலியாகிட்டு வருது.

இப்ப எங்க முறை என்னான்னா, மொத சனிக்கிழமை போட்ட மக்க அன்னிக்கு சாயந்தரமே வாய் லேசா இறுகுனதும் கவுத்து வெச்சு பொட்டிக்குள்ள. அடுத்த வாரம் ட்ரிம் பண்ணி (அடிய சீவி), அதே கிளாஸ்லயே பிடி இழுக்கறோம். இழுத்ததும் ஒட்ட விடறதில்ல, பலகை ஓரத்துல தொங்க விட்டு, வளைச்சா விரியாம, அதே சமயம் விரல் ரேகை பதியாம இருக்கிற பதம் வர்ற வரைக்கும் காத்திருக்கோம். அந்த நேரத்துல அடுத்த மக்குக்கு மண்ணு பிசையச் சொல்லிடுவேன், இல்லன்னா பொறுமை இல்லாம ஒட்டிடறாங்க. ஒட்டுனது மறுபடி பொட்டிக்குள்ள ஒரு வாரம் போகும். இந்த ரெண்டாவது வாரம்தான் முக்கியமே. பிடி, ஒட்டு, சுவரு மூணும் பேசி ஒரே பதத்துக்கு வந்துடும். அப்புறம் மூடிய கொஞ்சம் கொஞ்சமா திறந்து வெச்சு, பிடிக்கு மட்டும் புடவைக்கடை கவர்ல ஒரு துண்டு சுத்தி, மெதுவா காய விடறது. ஐடி தம்பி "ஒரு மக்குக்கு ஒரு மாசமா அக்கா?"ன்னு நொந்துகிட்டான். ஆமாப்பா, அவசரம்னா கடையில வாங்கிக்கோ.

வில்லியனூர் அண்ணன் இத்தனையும் பாத்து சிரிச்சாரு. சுடுமண் வேலைக்கு புவிசார் குறியீடு வாங்குன ஊரு அது, அவர் தாத்தா காலம் வரைக்கும் வீட்ல சக்கரம் சுத்துனவங்க. "இன்னாத்துக்கு இந்தப் பாடு? எங்க பானைக்கு பிடியே கெடையாது, கழுத்தப் புடிச்சு தூக்கு, இல்ல இடுப்புல வெச்சுக்கோ"ன்னாரு. நியாயம்தான், நம்ம குடம், பானை, சட்டி எதுக்கும் ஒட்டு வேலையே இல்ல, வாய் விளிம்பே பிடி. அடியும் உருண்டை, தட்டித் தட்டி எடுத்தது, அதனால அடியில எஸ் எழுத்து மாதிரி விடற எஸ் கிராக்கும் கெடையாது. பிடி வெச்ச ஜாடி நம்ம கரைக்கு கப்பல்ல வந்தது. அரிக்கமேட்டுல 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டுனப்ப ரெண்டு காது வெச்ச ஆம்ஃபோரா ஜாடி துண்டுங்க கெடச்சுதே, ரோமானிய ஒயின் வந்த ஜாடிங்க. மியூசியத்துல அரிக்கமேட்டுச் சாமானுங்க இருக்குது, ஒரு கிளாஸ அங்கயே நடத்தலாம்னு ஐடியா இருக்கு.

இன்னொரு டிப்ஸ். விருத்தாசலத்துல செராமிக் யூனிட்ல செக்கிங் வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது. நல்லா காஞ்ச பச்சைச் சாமான்ல பிரஷ்ஷால மண்ணெண்ணெய் தடவுனா சட்டுனு இழுத்து காஞ்சுடும், விரிசல் இருக்கிற எடத்துல மட்டும் ஈரக்கோடா நிக்கும். இப்ப மண்ணெண்ணெய்க்கு எங்க போறது, பெயின்ட் கடை டர்பன்டைன் போதும், ஜன்னலத் தொறந்து வெச்சு பண்ணுங்க, காத்தோட்டமா நல்லா ஆறுனப்புறம்தான் சூளைக்கு போகணும். விரிசல் தெரிஞ்சா அந்த மக்கு நேரா தண்ணித் தொட்டிக்கு, மறுபடி மண்ணு. சூளைல எடத்த அடைக்காது, கரண்டும் மிச்சம்.

மண்ணு சப்ளைய பத்தி புலம்பாம இருக்க முடியல. ரெடிமேட் பாடி (கலந்து வெச்ச மண்ணு) வாங்கற எடத்துல பாக்கெட்டுக்கு பாக்கெட்டு ஈரம் வேற வேற, ஒண்ணு வெண்ணெய்யா இருக்கு, இன்னொண்ணு ஆணி அடிக்கலாம். போன் பண்ணா "போன லாட் தீந்துடுச்சு மேடம்"ங்கறாங்க. நெய்வேலில நிலக்கரிக்கு மேல தோண்டி எடுக்கற மண்ணுல நல்ல பால் கிளே (ball clay, நல்லா குழையற களிமண்ணு) இருக்குது, விருத்தாசலம் யூனிட்டுங்களுக்கு அக்கம்பக்கத்துலயே கெடைக்குது. நாமளே பாடி கலக்கலாம்னு ஆசை. பால் கிளே ஜாஸ்தியானா வழுவழுப்பும் ஜாஸ்தி, சுருக்கமும் ஜாஸ்தி, அதுக்கு உடைஞ்ச பிஸ்க் மக்குங்கள இடிச்சு சலிச்சு க்ராகா (grog, சுட்ட மண் பொடி) போடணும். உடைஞ்ச மக்குக்கு மட்டும் நம்மகிட்ட பஞ்சமே இல்ல.

பிஸ்க்ல விசேஷம் ஒண்ணும் பண்ணல, ராத்திரி முழுக்க நூறு டிகிரிக்கு கீழயே வெச்சு ஈரம் போக விட்டு, 573 டிகிரி பக்கம் மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் உருமாறுற எடத்துல மெதுவா ஏத்தி, ஆயிரத்துல நிறுத்துனேன். அடுத்து கிளேஸ். சவுக்குச் சாம்பல் கிளேஸ் போடணும்னு காலேஜ் பசங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க, கடலூர் வழியெல்லாம் சவுக்குத் தோப்புதான், கல்யாண சமையல்காரர் ஒருத்தர் ஒரு மூட்டை சாம்பல் குடுத்திருக்காரு. சாம்பல்ல காரம் இருக்கு, கழுவறப்ப வெறுங்கைய உட்டா தோலு உரியும், கிளவுஸ் போடுங்கன்னா எவன் கேக்கறான்.

அதுக்கு முன்னாடி, ஏற்கெனவே கலக்கி வெச்ச வெள்ளை கிளேஸ் பக்கெட் அடியில கல்லா உக்காந்து கெடக்குது. கொஞ்சம் எப்சம் சால்ட் கரைச்சு ஊத்துனா கிளேஸ் மிதந்து நிக்கும். மெடிக்கல்ல சின்ன டப்பாவுக்கே கொள்ளை விலை சொல்றாங்க, உரக்கடைக்குப் போயி மெக்னீசியம் சல்ஃபேட்னு கேளுங்க, அதேதான், கிலோ கணக்குல அள்ளித் தருவாங்க, "எத்தன ஏக்கர்மா?"ன்னு ஒரு கேள்வியோட.