"இருக்கலாம்" என்றேன்

ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட் தைக்க, ஒருவருக்கு இடுப்பளவு எடுத்துவிட்டு டேப்பை முழங்கால் நடுவுக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்: "எங்க தாத்தாவோட தாத்தா லூயிஸ் தீவுல கப்பல் ஏறினப்போ இதைத்தான் கட்டியிருப்பார், இல்லையா?"

மண்டியிட்டிருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. "இருக்கலாம்" என்றேன்.

அவர் தேர்ந்தெடுத்தது ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு மக்லவுட் குலத்தின் டார்டன், அதாவது அந்தக் குலத்துக்கு உரியதாகச் சொல்லப்படும் கட்டம்போட்ட துணி. பளீரென்ற மஞ்சள், கறுப்புப் பட்டைகள், மெல்லிய ஒரு சிவப்புக் கோடு. முன்னோர் கனடா போனது 1810 வாக்கில் என்று அவரே சொல்லியிருந்தார். இந்த மஞ்சளைப் பற்றிய பேச்சோ 1829இல், தாமஸ் டிக் லாடர் என்பவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதிய கடிதத்தில்தான் வருகிறது. 1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்ற சகோதரர்கள் அதைப் புத்தகமாகவே போட்டார்கள், பழைய சுவடியில் இருந்ததாகச் சொல்லி. அந்தச் சுவடியை ஸ்காட் அப்போதே நம்பவில்லை. போலி என்பது பிறகு உறுதியானது. இவ்வளவும் எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

எட்டு கஜம் கம்பளித் துணி, முழுக்கக் கைத்தையல். ஒவ்வொரு மடிப்பும் உள்ளே போகும் துணியை விழுங்கிவிட்டு, வெளியே தெரியும் விளிம்பில் கட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பிருஷ்டத்தில் அகலமாக இருக்கும் மடிப்பு இடுப்புக்கு வரும்போது குறுகும். அந்தக் குறுகலிலும் சிவப்புக் கோடு கோணக் கூடாது. இரண்டு இழை விலகியதற்காக ஒரு மடிப்பை முழுதாகப் பிரித்து மறுபடி தைத்தேன். தைத்த நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான் மனதில் ஓடியது.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? 1747 முதல் 1782 வரை ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாண்டில் ஆண்கள் இந்த உடையை உடுத்தவே சட்டம் விடவில்லை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது ஆளாளுக்குத் தங்கள் குலத்தின் டார்டன் எது என்று தேடினார்கள். பறிகொடுத்தவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார்கள். அதில் தப்பு என்ன? அவருடைய அப்பா இந்த மஞ்சளில்தான் கல்யாணம் செய்துகொண்டாராம். அது பொய்யில்லையே.

ஆனால் அவர் கேட்டது அப்பாவைப் பற்றி இல்லை. விஷயம் தெரிந்தவன் என்று நம்பி என்னிடம் கேட்டார்.

சில மாதம் கழித்து இன்னொருவர் கிட்டத்தட்ட இதையே கேட்டபோது, உள்ளதை உள்ளபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார், குலக் கட்டம் எதுவும் இல்லாத சாம்பல் நிற ட்வீட் கம்பளியில் ஒரு கில்ட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றும் எனக்கு நிம்மதி இல்லை. அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

மஞ்சள் கில்ட்டை வாங்க அவர் பேத்தியோடு வந்தார். கண்ணாடி முன் நின்று அவளிடம், "பெரிய தாத்தா கட்டினது இதேதான். தைச்சவரே சொன்னார்" என்றார். நான் எதுவும் பேசவில்லை.

பேத்தி கில்ட் ஊசியை எடுத்து முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் துணி இரண்டையும் சேர்த்துக் குத்தப் போனாள். "அப்படிக் குத்தாதேம்மா, மேல் துணியில மட்டும் குத்து. இல்லாட்டி நடக்கும்போது கிழிஞ்சிடும்" என்று சட்டென்று தடுத்து, நானே சரியாகக் குத்திக் கொடுத்தேன்.