நெடி போனதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்: இறக்கைக்கு பி.யூ. அடித்த அனுபவம்

வீட்டிலேயே கட்டும் என் விமானத்தின் இறக்கை, வால், உடல் எல்லாவற்றுக்கும் டூ-பேக் பி.யூ. (இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்) அடித்து முடிந்தது. ஸ்ப்ரே கன் பிடித்து வேலை செய்தது ஆறு நாள். மூச்சுக்கான ஏற்பாட்டுக்கு மூன்று வாரம். பல்லடம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நடந்த வேலை இது. வீட்டிலேயே விமானம் கட்டும் மற்றவர்கள் அந்த மூன்று வாரத்தை வீணடிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆபத்து இருப்பது ஹார்ட்னர் டப்பாவில். அதில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம், பெரும்பாலும் ஹெச்.டி.ஐ. (ஹெக்சாமெத்திலீன் டை-ஐசோசயனேட்) வகை. ஹெச்.டி.ஐ.-க்கு அமெரிக்கத் தொழில்சுகாதார நிபுணர்கள் வைத்த வரம்பு காற்றில் நூறு கோடியில் 5 பங்கு. மூக்குக்குத் தெரியும் நெடி தின்னருடையது. ஐசோசயனேட்டை வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மூச்சுக்குழாய்க்கு ஒருமுறை அதன்மேல் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். அடித்த அன்று ஒன்றும் தெரியாமல், நடுராத்திரியில் இருமலும் நெஞ்சு இறுக்கமுமாக வருவதும் உண்டு. "இருபது வருசமா கர்ச்சீப் கட்டித்தானுங்க அடிக்கறேன்" என்று சொல்லும் பெயிண்டரின் பேச்சை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். கர்ச்சீப் துணி தூசியையே முழுதாக நிறுத்தாது.

முதல் அலைச்சல் பாதுகாப்புத் தகவல் தாளுக்கு. கடையில் கொடுத்தது பெயிண்டுக்கான தாள் மட்டும். ஹார்ட்னருக்கும் தின்னருக்கும் தனித்தனித் தாள் உண்டு என்பதைக் கவுன்ட்டரில் இருந்தவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கோவைக்கு இரண்டு முறை போய் வந்தபின்தான் கிடைத்தது. மூன்று தாளும் கையில் வராமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, மாஸ்க்கில் மாட்டும் ஃபில்ட்டர் டப்பாவான கார்ட்ரிட்ஜ். ஆவிக்கு என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று சொல்லித் தூசி ஃபில்ட்டரைக் கொடுத்துவிட்டார்கள். பட்டையின் நிறத்தைப் பாருங்கள்: ஐரோப்பிய முறையில் வெள்ளை தூசிக்கு, பழுப்பு தின்னர் போன்ற கரிம ஆவிக்கு. இரண்டும் சேர்ந்த ஏ2பி3 வேண்டும். உறை பிரித்த கார்ட்ரிட்ஜ் சும்மா கிடந்தாலும் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் காலாவதித் தேதியையும் உறையையும் பார்த்து வாங்குங்கள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, மழித்தே ஆக வேண்டும்.

ஆனால் இந்த மாஸ்க் கலக்குவதற்கும் உதவியாளுக்கும்தான். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை ஐசோசயனேட் விஷயத்தில் மூக்கு சொல்லாது. அதனால் கன் பிடிப்பவருக்கு ஹோஸ் வழியே வெளிக்காற்று வரும், தலையை மூடும் ஹூட்தான் சரி. அதற்குக் காற்றுத் தருவது எண்ணெய் இல்லாத டர்பைன் ப்ளோயராக இருக்கட்டும். கொட்டகையில் இருக்கும் காம்ப்ரஷரிலிருந்து ஒரு லைன் இழுத்துக்கொள்ளலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். செய்யவே கூடாது. சூடேறிய எண்ணெயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், எண்ணெய்த் துகளும் நுரையீரலுக்குப் போகும்.

ப்ளோயரைக் காற்று வரும் திசையில் வையுங்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மார்கழியில் கிழக்கிலிருந்து வரும். ஒரு ரிப்பனைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கு (பெயிண்ட் பூச்சுக்கு) முன்னும் பாருங்கள். ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். ஹோஸ் வெயிலில் கிடந்தால் ஹூட்டுக்குள் அனல்தான் வரும். ஈரச் சாக்குப் போட்டு நிழலில் கொண்டு போனோம், நன்றாகவே வேலை செய்தது.

காற்றோட்டத்தில்தான் பெரிய தப்பு நடந்தது. பிளாஸ்டிக் ஷீட்டில் 12 அடி அகலம், 10 அடி உயரத்தில் கூடாரம். குறுக்கே 120 சதுர அடி, காற்றுக்கு நிமிடத்துக்கு 100 அடி வேகம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 12,000 கன அடி. இந்தப் பக்கம் பழைய கோழிப்பண்ணை எக்ஸாஸ்ட் ஃபேன் எளிதாகக் கிடைக்கும். 50 அங்குல ஃபேன் 20,000 கன அடிக்கு மேல் தள்ளும். அதை வெளியேற்றும் பக்கம் மாட்டியதுதான் தப்பு. பெல்ட் டிரைவ் என்றாலும் மோட்டார் அந்தக் காற்றிலேயேதான் இருக்கிறது. தின்னர் ஆவி அதன் மேல் போனால் ஒரு பொறி போதும், எல்லாம் பற்றிக்கொள்ளும். ஒன்று வெளி ஆவியைப் பற்றவைக்காத ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் போட வேண்டும், இல்லை ஃபேனை உள்ளே தள்ளும் பக்கம் மாற்ற வேண்டும். மாற்றினோம். இப்போது மோட்டார் சுத்தக் காற்றில், காற்று ஃபில்ட்டர் வழியே உள்ளே, எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி வெளியே. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும்.

இந்த ஃபேன்களுக்கு அழுத்தம் தாங்கும் சக்தி குறைவு. ஃபில்ட்டர் அடைத்தால் காற்று பாதியாகக் குறைந்துவிடும், அதனால் ஃபில்ட்டர் பரப்பைத் தாராளமாக வையுங்கள். தின்னர் டப்பா ஒன்றுகூட உள்ளே வராத நாளில் சாம்பிராணிப் புகை போட்டுப் பாருங்கள். எங்களுக்கு இறக்கைக்குப் பின்னால் புகை சுழன்று நின்றது. தகர இடுக்கு வழியே பெயிண்ட் கலக்கும் அறைக்கும் போனது. வெளியே போகும் பக்கம் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக் கொட்டகை வேறு. அடிக்கும் நாளில் மாடுகளை மாற்றிக் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஃபேனும் ப்ளோயரும் ஒரே நேரத்தில் நிற்கும். ஹூட்டை உள்ளே கழற்றாமல், கன்னைக் கீழே வைத்துவிட்டு, ஹோஸைப் பிடித்தபடி வெளியே வந்துவிட வேண்டும். கோட்டை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்கக் கூடாது. ப்ளோயருக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் போட்டது நிம்மதி. வாட்ஸையும் ஸ்டார்ட்டிங் இழுவையையும் பார்த்து வாங்குங்கள்.

தோலிலும் பட விட வேண்டாம். நைட்ரைல் கையுறை, தலை மூடும் கவரால். லேடெக்ஸ் கையுறை தின்னருக்குத் தாங்காது. அலுமினியத்துக்கான பழைய மஞ்சள்-பச்சை பிரைமரில் குரோமேட் இருக்கலாம், அது புற்றுநோய் தருவது. உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேயுங்கள்.

மிக அதிகமாகத் தவறு நடப்பது அடித்து முடித்த பிறகுதான். நெடி குறைந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கன் கழுவப் போவார்கள். கன் கழுவும்போது பறப்பதும் அதே ஐசோசயனேட்தான். கடைசிக் கோட்டுக்குப் பின் ஃபேன் அரை மணியாவது ஓடட்டும், மாஸ்க் கன் காயும் வரை முகத்திலேயே இருக்கட்டும். முழுதாக இறுகாத பெயிண்டை எமரி போட்டுத் தேய்த்தாலும் தூசியில் அது வரும். மிச்ச ஹார்ட்னரில் ஈரம் பட்டுவிட்டால் டப்பாவை இறுக்கி மூடாதீர்கள். தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வந்து டப்பா உப்பும். எங்கள் டப்பா ஒன்று ராத்திரியில் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டது.